ஏஎம்எச் குறைவு: கருக்களைச் சேர்த்துக்கொண்டே போவதா, கிடைத்ததை அப்போதே வைப்பதா? (தர்மபுரி, கிருஷ்ணகிரி)

1. அரூர் ஆலோசகர்

வணக்கம். நம் இரண்டு மாவட்டத்திலிருந்தும் குழந்தைப்பேறு சிகிச்சைக்குச் சேலம், ஓசூர், பெங்களூரு என்று மூன்று பக்கமும் போகிறார்கள். முட்டை இருப்பைக் காட்டும் ரத்த அளவான ஏஎம்எச் குறைந்து, முட்டை குறைவாக உள்ள பெண்களிடம் இப்போது அடிக்கடி சொல்லப்படுவது பூலிங். அதாவது இரண்டு மூன்று முறை ஊசி போட்டு முட்டை எடுத்து, ஒவ்வொரு முறையும் கருவாக்கி உறைய வைத்து, கடைசியில் மொத்தமாகப் பார்த்துக் கருப்பையில் வைப்பது. தலையாட்டிவிட்டு வெளியே வருபவர்களுக்கு, எதற்காகச் சேர்க்கிறோம், எத்தனை சேர்ந்தால் போதும், எப்போது நிறுத்துவது என்று எதுவும் தெரிவதில்லை.

பேச வசதியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். வயது 37, ஏஎம்எச் 0.8, இரண்டு சினைப்பையும் சேர்த்து ஸ்கேனில் தெரியும் சிறு ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) 4. கணவரின் விந்து சாதாரணம். இவர்களுக்குப் பூலிங் சரியா? லேபில் இருப்பவர்களும் மருந்து தெரிந்தவர்களும் எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும். சொந்தக் கதை வேண்டாம், முறையும் கணக்கும் போதும்.

2. ஓசூர் லேப்

ஆலோசகர் அக்கா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். சேர்த்து வைப்பதால் ஒரு கருவின் தரம் கூடாது. உறைய வைத்த அன்று எப்படி இருந்ததோ அதே தரம்தான் வெளியே வரும். கூடுவது எண்ணிக்கை. கூடாமல் நிற்பது அந்தக் கருவின் வயது. பூலிங்கில் கிடைக்கும் லாபம் இவ்வளவே. இதைப் புரிந்துகொண்டால் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பாதி விளங்கிவிடும்.

இப்போது உங்கள் 37 வயதுக் கணக்கு. ஒரு சுற்றில் 4 முட்டை வருகிறது என்று வையுங்கள். எடுத்த முட்டையில் முதிர்ந்தது 75 முதல் 90 சதவீதம், எனவே 3. இக்ஸியில் (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை) சரியாகக் கருவாவது நல்ல லேபில் 65 முதல் 80 சதவீதம், எனவே 2. கருவானதில் ஐந்தாம் ஆறாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் என்னும் வளர்ந்த கரு நிலை வரை போவது 40 முதல் 60 சதவீதம். ஆக ஒரு சுற்றுக்கு 1 பிளாஸ்டோசிஸ்ட், சில சுற்றில் பூஜ்யம். மூன்று சுற்றுக்கு 12 முட்டை, 9 முதிர்ந்தவை, 6 கரு, சுமார் 3 பிளாஸ்டோசிஸ்ட்.

அந்த மூன்றில் குரோமோசோம் சரியாக இருப்பது எத்தனை என்பதை வயது முடிவு செய்கிறது. 35 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு கரு குறையுள்ளது. 40இல் பாதிக்கு மேல். 42, 43இல் நான்கில் மூன்று. லேபில் என்ன மீடியா (கருவை வளர்க்கும் திரவம்) ஊற்றினாலும் இது மாறாது.

சராசரியை மட்டும் பார்க்கவும் கூடாது. 42 வயதில் 3 பிளாஸ்டோசிஸ்ட் கையில் இருக்கிறது, ஒவ்வொன்றும் சரியாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு என்றால், மூன்றுமே குறையாக இருக்கும் வாய்ப்பு 42 சதவீதம். 0.75ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். அதே மூன்று கரு 40 வயதில், ஒவ்வொன்றுக்கும் 40 சதவீதம் என்று வைத்தால், எல்லாமே வீணாகும் வாய்ப்பு 22 சதவீதமாக இறங்குகிறது. தொடங்குமுன் தம்பதிக்கு இந்த இரண்டு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

3. தென்பெண்ணை

லேப் சார் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து பூலிங்தான் வழி என்று முடிவெடுப்பதை ஏற்கவில்லை. மகப்பேறு மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் மாற்றுக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று சுற்றில் மூன்று கரு. அவற்றைச் சேர்த்து வைத்து ஒவ்வொன்றாக வைத்தாலும், கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக வைத்தாலும், மொத்த வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் என்னவென்றால், முதல் கருவே பிடித்துவிட்டால் இரண்டாவது மூன்றாவது சுற்றின் ஊசியும் மயக்க மருந்தும் பணமும் மிச்சம். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டுப் பார்ப்போம் என்றால் முதல் கரு பிடித்திருக்கும் பெண்ணும் மூன்று சுற்றும் போகிறாள். கருப்பை உட்சவ்வு நன்றாக இருக்கிறது, மரபணுச் சோதனை தேவையில்லை, ஒரு குழந்தை போதும் என்கிறார்கள் என்றால், அந்த 37 வயதுப் பெண்ணுக்குக் கிடைத்ததை வைப்பதே என் பரிந்துரை.

சேர்ப்பதற்கு எனக்குச் சரியாகப் படும் காரணங்கள் இவை. வயது 40ஐ ஒட்டி நிற்கிறது, ஒவ்வொரு ஆறு மாதமும் கணக்கை மாற்றுகிறது. இரண்டு குழந்தை வேண்டும், முதல் குழந்தை பிறந்து பால் நிறுத்தித் திரும்பி வருவதற்குள் இரண்டு வயது கூடிவிடும். தலசீமியா போன்ற பரம்பரை நோய்க்குக் கருவைச் சோதிக்க வேண்டும். கருப்பையில் வேறு வேலை இருக்கிறது: சவ்வைத் தொடும் நார்க்கட்டி, பாலிப், அடினோமையோசிஸ் (கருப்பைத் தசைக்குள் உட்சவ்வு வளர்வது), கருப்பைக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. இந்த மாதங்களில் கருப்பை காத்திருக்கலாம், சினைப்பை காத்திருக்காது. கடைசியாக, புற்றுநோய் சிகிச்சைக்கு முன் சில வாரங்களே கையில் இருப்பவர்கள்.

இதில் எதுவும் இல்லாதவருக்குப் பூலிங் என்று எழுதியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

29 வயதில் ஏஎம்எச் 3 உள்ளவருக்கு ஒரே சுற்றிலேயே நான்கைந்து கரு வந்துவிடும். அங்கே இந்தப் பேச்சே தேவையில்லை.

4. அரூர் ஆலோசகர்

மேடம், தொடர்ந்து மூன்று தோல்வி என்ற மன வலியைத் தவிர்க்கத்தான் சேர்க்கிறோம் என்று சில இடங்களில் சொல்கிறார்களே?

5. தென்பெண்ணை

அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு கருவை வைத்து, 14 நாள் காத்திருந்து, ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்ததும் பலர் சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். அடுத்த சுற்றுக்கு வருவதே இல்லை. சேர்க்கும்போது முதல் சில மாதங்களுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆனால் வலி போய்விடுவதில்லை, கடைசிக்குத் தள்ளிப்போகிறது. அதைத் தெரிந்து தேர்ந்தெடுக்கும் தம்பதிக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

6. பாலக்கோடு மருந்தகம்

மருந்துப் பக்கம் நான் சொல்கிறேன். கருவை அதே மாதம் வைக்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்டால் மருந்துச் செலவில் ஒரு பெரிய வித்தியாசம் வருகிறது. முட்டை முன்கூட்டியே வெடித்துவிடாமல் தடுக்க வழக்கமாகச் செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி. ஊசி, ஃபாலிக்கிள் 14 மி.மீ. வரும்போதோ ஊசி தொடங்கிய ஐந்தாம் ஆறாம் நாளிலோ ஆரம்பித்து தினமும் போடுவார்கள். எல்லாவற்றையும் உறைய வைக்கும் சுற்றில் அதற்குப் பதிலாக மெட்ராக்ஸி புரோஜெஸ்டரோன் 10 மி.கி. அல்லது டைட்ரோஜெஸ்டரோன் 20 மி.கி. மாத்திரையை முதல் ஊசியோடு சேர்த்தே தினமும் கொடுக்கலாம். ஊசி விலைக்கும் மாத்திரை விலைக்கும் ஒப்பீடே இல்லை. புரோஜெஸ்டரோன் கருப்பைச் சவ்வை அந்த மாதத்துக்குக் கெடுத்துவிடும், ஆனால் அந்த மாதம் எதையும் வைக்கப் போவதில்லை என்பதால் நஷ்டம் இல்லை. பூலிங் என்று சொல்லிவிட்டு விலை உயர்ந்த ஊசியையே எழுதியிருந்தால், மாத்திரை ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

முட்டையை வளர்க்கும் ஊசியான எஃப்எஸ்எச் அளவு பற்றி. முட்டை குறைவு என்பதால் 450, 600 யூனிட் என்று ஏற்றினால் முட்டை கூடும் என்று பலர் நம்புகிறார்கள். இருக்கும் ஃபாலிக்கிளைத்தான் மருந்து வளர்க்கும், இல்லாததை உண்டாக்காது. ஐரோப்பிய வழிகாட்டுதலே 300 யூனிட்டுக்கு மேல் பரிந்துரைப்பதில்லை. லெட்ரோசோல் அல்லது குளோமிஃபின் மாத்திரையோடு 150 யூனிட் என்ற மிதமான முறையும் குறைந்த முட்டைக்காரர்களுக்கு ஏறக்குறைய அதே பலன் தருகிறது. மூன்று சுற்று போகப் போகிறவருக்கு இந்த மிச்சம் சின்னது இல்லை.

எஃப்எஸ்எச் பேனாவைப் பிரித்தபின் பெரும்பாலும் 28 நாள் வரை வைத்திருக்கலாம், பெட்டியில் உள்ள தாளைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த சுற்று உடனே தொடங்குகிறது என்றால் மீதி யூனிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்றால் ஃபிரிட்ஜின் நடுத்தட்டு. ஃப்ரீசரை ஒட்டிய இடத்தில் வைத்து உறைந்துவிட்டால் மருந்து கெட்டது கெட்டதுதான், இளக வைத்துப் போடாதீர்கள். தர்மபுரி வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஜெல் பையை மருந்தின் மேல் நேராக வைக்காமல், துண்டைச் சுற்றி இடைவெளி விட்டு வையுங்கள். தூள் வயல் என்றால் ஒரே 1 மி.லி. திரவத்தில் 2, 3 வயல்களை அடுத்தடுத்துக் கரைத்து ஒரே ஊசியாகப் போடலாம், மூன்று முறை குத்த வேண்டாம்.

டிஹெச்இஏ, கோஎன்சைம், வளர்ச்சி ஹார்மோன் என்று சேர்த்து எழுதும் பட்டியலுக்கு உறுதியான ஆதாரம் குறைவு. வாங்குமுன் கேளுங்கள்.

7. காவேரிப்பட்டணம் சிஸ்டர்

பாலக்கோடு அண்ணன் சொன்னதோடு நேரக் கணக்கைச் சேர்க்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்குத் தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள் ஸ்கேன். பழைய சுற்றின் நீர்க்கட்டி மிச்சம் இருந்தால் அப்போதே தெரியும். ஊசி 9 முதல் 12 நாள். நடுவில் மூன்று ஸ்கேன் வரும். அதில் முதல் இரண்டை உள்ளூரிலேயே எடுத்து அளவுகளை அனுப்பலாமா என்று சிகிச்சை செய்யும் டாக்டரிடம் கேளுங்கள். ஒப்புக்கொண்டால், ஒவ்வொரு ஃபாலிக்கிளின் அளவையும் மி.மீ.யில், வலது இடது தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ‘நன்றாக வளர்கிறது’ என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டால் பயன் இல்லை. கடைசி ஸ்கேனுக்கு மட்டும் நேரில் போய்விடுங்கள்.

பெரிய ஃபாலிக்கிள்கள் 17, 18 மி.மீ. வந்ததும் டிரிகர், அதாவது முட்டையைக் கடைசியாக முதிர வைக்கும் ஊசி. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுக்க வேண்டும். புதன் காலை 9 மணிக்கு பிக்கப் (முட்டை எடுப்பது), 35 மணி நேரம் என்று சொன்னால், திங்கள் இரவு 10 மணிக்கு ஊசி. செவ்வாய் இரவு இல்லை. இந்த ஒரு நாள் குழப்பம் ஒரு சுற்றையே வீணாக்கிவிடும். நாள், கிழமை, மணி மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள்.

ஊசி உடம்பில் ஏறியதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். டிரிகராக எச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) போட்டிருந்தால் மறுநாள் காலைச் சிறுநீரில் கர்ப்பச் சோதனை அட்டை இரண்டு கோடு காட்டும். ட்ரிப்டோரெலின் 0.2 மி.கி. போட்டிருந்தால் சுமார் 12 மணி நேரத்தில் எல்எச் (முட்டை வெடிப்பைத் தூண்டும் ஹார்மோன்) சோதனைப் பட்டை அடர்த்தியாக வரும். வரவில்லை என்றால் அப்போதே போன் செய்யுங்கள், பிக்கப் மேஜையில் படுத்தபின் தெரிந்தால் தாமதம். எச்சிஜி போட்டவர்கள் அந்த இரண்டு கோட்டைப் பார்த்துக் கரு தங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

பெங்களூருக்குப் போகிறவர்கள்: கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லை, ரோடுதான். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியிலிருந்து காலை நெரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 9 மணி பிக்கப் என்றால் முந்தின இரவே போய்த் தங்குவது நல்லது. சேலம் போகும் தர்மபுரிக்காரர்கள் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வழி அடைபடும் வாய்ப்பையும் கணக்கில் வையுங்கள். மயக்க மருந்துக்கு 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. திரும்பும்போது அன்றே இரு சக்கர வண்டியில் உட்காரக் கூடாது. கடும் வயிற்று வலி, மயக்கம், காய்ச்சல், நிறைய ரத்தப்போக்கு இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முட்டை எடுத்த விவரத் தாளைக் கையோடு வைத்திருங்கள்.

கணவர் லாரியிலோ வெளியூர் வேலையிலோ இருப்பவர் என்றால், முதல் சுற்றுக்கு முன்பே ஒரு மாதிரியை உறைய வைத்துவிடுவது மூன்று சுற்றுக்கும் காப்பு.

8. ஊத்தங்கரை வாசகி

ஒரே மாதத்தில் இரண்டு முறை முட்டை எடுப்பது என்று ஒன்று சொல்கிறார்களே, அது எப்படி? இரண்டு சுற்றுக்கு நடுவில் மூன்று மாதம் ஓய்வு வேண்டும் என்றுதான் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள்.

9. தென்பெண்ணை

ஓய்வு மூன்று மாதம் கட்டாயம் இல்லை. சினைப்பையில் ஒரே மாதத்துக்குள் பல அலைகளாக ஃபாலிக்கிள் கிளம்புகிறது. முதல் பிக்கப் முடிந்து 2 முதல் 5 நாளில் ஸ்கேன் பார்த்து, சிறு ஃபாலிக்கிள் இருந்தால் பீரியட்ஸுக்குக் காத்திராமல் மறுபடி ஊசி தொடங்குவார்கள். இதற்கு டியோஸ்டிம் என்று பெயர். ஷாங்காய் குழு 2014இல் வெளியிட்ட முறையிலிருந்து பரவியது. முதல் சுற்றின் டிரிகருக்கு ட்ரிப்டோரெலின் வசதி, எச்சிஜி போல உடம்பில் பல நாள் தங்காது. இரண்டாவது சுற்றில் ஊசி நாள் ஒன்றிரண்டு கூடும். அதில் வரும் முட்டையின் தரம் முதல் சுற்றுக்குக் குறைவில்லை என்பதுதான் இதுவரை தெரிவது.

யாருக்கு? 40ஐத் தொட்டவர், புற்றுநோய் சிகிச்சைக்குக் காத்திருப்பவர். 33 வயதுக்காரருக்கு இந்த அவசரம் வேண்டாம்.

ரத்த சோகையை மட்டும் கவனியுங்கள். ஹீமோகுளோபின் 8, 9 உள்ளவரை அடுத்தடுத்து மயக்க மருந்துக்கு அனுப்பக் கூடாது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நம் பக்கத்தில் இது அதிகம்.

10. ஓசூர் லேப்

எந்த நாளில் உறைய வைப்பது என்பதைப் பேசாமல் விட்டால் இந்த இழை முழுமையாகாது.

மூன்றாம் நாள் கரு 6 முதல் 8 செல். ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட். சுற்றுக்கு ஒன்றிரண்டு கருவே உள்ளவர்களுக்குச் சில லேப் மூன்றாம் நாளிலேயே உறைய வைத்துவிடுகிறது. ஐந்தாம் நாள் வரை விட்டால் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்ல வேண்டி வருமோ என்ற தயக்கம். அப்படிச் சேர்த்தால் தாளில் ‘6 கரு உறைநிலையில்’ என்று அழகாகத் தெரியும். ஆனால் அந்த ஆறும் ஐந்தாம் நாள் கணக்கில் மூன்றோ இரண்டோதான். தம்பதி ஆறு குழந்தை வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். எந்த நாள் கரு என்று கேட்காமல் எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

இன்னொரு வழி: மூன்று சுற்றின் மூன்றாம் நாள் கருக்களையும் ஒன்றாக இளக வைத்து, இரண்டு நாள் வளர்த்து, முன்னேறியதை வைப்பது. இது நியாயமான முறை. இளக வைப்பதில் 5 சதவீதம் வரை இழப்பு வரலாம், அன்று எதுவும் ஐந்தாம் நாளை எட்டாமலும் போகலாம்.

லேபிடம் கேட்க வேண்டிய எண் இரண்டு. கருவானதில் எத்தனை சதவீதம் பிளாஸ்டோசிஸ்ட் ஆகிறது? 40க்குக் கீழே என்றால் அங்கே ஐந்தாம் நாள் வரை வளர்க்குமுன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். உறைந்த பிளாஸ்டோசிஸ்ட் எத்தனை சதவீதம் பிழைக்கிறது? 90க்குக் குறையக் கூடாது, நல்ல இடத்தில் 95க்கு மேல் இருக்கும். இரண்டாவது எண் சரியில்லாத லேபில் பூலிங் செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் சேர்ப்பது.

உறைய வைக்கும் முறையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது எல்லாரும் செய்வது விட்ரிஃபிகேஷன். பனிக்கட்டிப் படிகம் உண்டாக நேரம் கொடுக்காமல் கண்ணாடி போல இறுக வைப்பது. முதலில் படிகத்தைத் தடுக்கும் எத்திலீன் கிளைக்கால், டிஎம்எஸ்ஓ இரண்டும் தலா 7.5 சதவீதம் உள்ள திரவத்தில் 10 முதல் 15 நிமிடம். பிறகு தலா 15 சதவீதமும் 0.5 மோலார் சர்க்கரையும் உள்ள கெட்டித் திரவத்தில் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடத்துக்குள். அதற்குள் 0.1 மைக்ரோ லிட்டருக்கும் குறைவான துளியில் மெல்லிய பட்டையில் ஏற்றி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். கெட்டித் திரவத்தில் அரை நிமிடம் கூடினால் ரசாயன நஞ்சு, துளி பெரிதானால் குளிரும் வேகம் குறைந்து படிகம். பிளாஸ்டோசிஸ்டின் நடுவில் நீர்ப்பை இருப்பதால், லேசரால் ஒரு துளையிட்டுச் சுருங்க வைத்த பிறகே உறைய வைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் இளகும்போது செல் உடையலாம். வெளியே எடுக்கும்போதும் வேகம் முக்கியம்: நேராக 37 டிகிரியில் 1 மோலார் சர்க்கரைத் திரவத்தில் ஒரு நிமிடம், பிறகு 0.5 மோலாரில் மூன்று நிமிடம், பிறகு கழுவல்.

ஒரு பட்டையில் ஒரு கரு. இரண்டு மூன்றைச் சேர்த்து ஏற்றினால், ஒன்றை வைக்க எல்லாவற்றையும் இளக வைக்க நேரிடும். மூன்று சுற்றின் பட்டைகளும் ஒரே தொட்டியில் இல்லாமல் இரண்டு தொட்டியில் பிரிந்து இருந்தால் நல்லது. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் க்ளீவ்லண்டிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஒரே வார இறுதியில் சேமிப்புத் தொட்டிகள் பழுதாகி ஆயிரக்கணக்கான முட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. தொட்டியின் வெளிச்சுவரில் பனி பூத்தால், வெற்றிடக் காப்பு போய்விட்டது என்று பொருள். மின்சாரம் போனால் கரு கெட்டுவிடுமா என்று கேட்கிறார்கள். தொட்டி மின்சாரத்தில் இயங்குவது இல்லை, நைட்ரஜன் மட்டம் குறையாமல் இருந்தால் போதும். அலாரத்துக்குத்தான் மின்சாரம். எனவே மட்டத்தை யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை அளக்கிறார்கள், இரவில் அலாரம் யார் போனுக்கு வரும் என்று கேளுங்கள். நல்ல லேப் சிரித்த முகத்தோடு பதிவேட்டைக் காட்டும்.

உறைந்த கரு புதிய விஷயம் என்று பயப்படுகிறவர்களுக்கு: 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில் பிறந்த குழந்தை, 53 நாள் உறைநிலையில் இருந்த கருவிலிருந்து வந்தது என்று அவர் பதிவு செய்தார். அன்று யாரும் நம்பவில்லை, அங்கீகாரம் அவர் மறைந்த பிறகே வந்தது. நம் நாட்டு லேபில் இருக்கும் எவரும் அவரை நினைக்காமல் இருக்கக் கூடாது.

11. பென்னாகரம் செவிலி

இரண்டு கேள்வி. சொந்தத்தில் கட்டிய தம்பதி, இரண்டு பேரும் தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயின் கடத்திகள் (நோயில்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்கள்), ஏற்கெனவே ரத்தம் ஏற்றும் குழந்தை ஒன்று இருக்கிறது. இவர்களுக்குக் கருவைச் சோதித்து வைக்கலாம் என்று சொல்கிறார்கள். இதற்கும் பூலிங் வேண்டுமா? இரண்டாவது, சோதிக்கும்போது ஆணா பெண்ணா என்று தெரியும்தானே என்று மாமியார்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

12. தென்பெண்ணை

சிஸ்டர், பூலிங்குக்கு மிகப் பொருத்தமான தம்பதி இவர்கள்தான்.

இருவரும் கடத்தி என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று நோயுள்ளதாக இருக்கலாம். நான்கில் மூன்று வைக்கத்தக்கது, அதில் கடத்தியும் அடங்கும். கூடவே வயதுக்கான குரோமோசோம் கழிவு. ஏற்கெனவே உள்ள குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை பொருந்த வேண்டும் என்றும் பார்த்தால், உடன்பிறந்த கரு பொருந்துவது நான்கில் ஒன்று. நோயில்லை, பொருந்துகிறது இரண்டும் சேர்ந்தால் 16இல் 3. அதனால்தான் ஒரே சுற்றில் முடிவதில்லை.

வரிசை முக்கியம். முதலில் கணவன், மனைவி, நோயுள்ள குழந்தை மூவரின் ரத்தமும் மரபணு லேபுக்குப் போய், அந்தக் குடும்பத்துக்கான சோதனை தயாராக வேண்டும். இதற்கே சில வாரம் ஆகும். அது தயாராகுமுன் ஊசி தொடங்காதீர்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தாம் ஆறாம் நாளில் கருவின் வெளிச் செல்களில் ஐந்தாறு எடுத்து, கருவை உறைய வைத்து, செல் குழாய்களைத் தனியே ஃப்ரீசரில் வைத்து, இரண்டு மூன்று சுற்றுக் குழாய்களையும் ஒரே தொகுப்பாக அனுப்பலாம். தொகுப்புக்குக் கட்டணம் வாங்கும் லேப் என்றால் இதில் பெரிய மிச்சம். செல் எடுக்காமலே உறைய வைத்துவிட்டு, பிறகு இளக்கி, செல் எடுத்து, மறுபடி உறைய வைப்பதும் நடக்கும், ஆனால் இரண்டு முறை உறைவதில் இழப்பு கூடும். முதலிலேயே திட்டமிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. 1994 பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி கருவின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பது குற்றம், கருப்பைக்கு வெளியே உள்ள கருவுக்கும் அது பொருந்தும். 2021 உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டமும் தடுக்கிறது. பெண் சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, 2001இல் தர்மபுரிக்கும் வந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அந்தப் பழியை இந்த மண்ணிலிருந்து துடைக்க எத்தனையோ செவிலியர் வீடு வீடாக நடந்தார்கள். மாமியார்களிடம் இதை நேராகவே சொல்லிவிடுங்கள் சிஸ்டர்.

13. ஊத்தங்கரை வாசகி

சட்டம் பற்றி வந்ததால், சேமிப்புக்கு எவ்வளவு காலம் அனுமதி என்று யாராவது சொல்லுங்கள்.

14. அரூர் ஆலோசகர்

சொல்கிறேன் தங்கச்சி. 2021 உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி கருவை அதிகபட்சம் 10 ஆண்டு வைக்கலாம். பிறகு அழிய விட வேண்டும் அல்லது தம்பதி ஒப்புதலோடு பதிவு பெற்ற ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுக்கலாம். சிகிச்சை பெற மனைவிக்கு 21க்கு மேல் 50க்குள், கணவருக்கு 21க்கு மேல் 55க்குள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: மனைவி 44 வயதில் சேர்த்த கருவுக்கு 10 ஆண்டு கிடையாது, அவருக்கு 50 ஆகுமுன் வைத்தாக வேண்டும். கணவர் பத்து வயது மூத்தவர் என்றால் அவர் 55 இன்னும் முன்னால் வந்துவிடும். இரண்டு பிறந்த தேதியையும் எழுதி வைத்துக் கடைசித் தேதியைக் கணக்கிடுங்கள்.

அதே சட்டம் கருவுக்கான மரபணுச் சோதனையை, தெரிந்த பரம்பரை அல்லது மரபணு நோய்க்கு மட்டும் என்று வரையறுக்கிறது. யாரும் சோதனையைப் பொதுவாகப் பரிந்துரைத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்புதல் படிவத்தில் ஒருவர் இறந்தால், பிரிந்தால், சேமிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் கரு என்ன ஆகும் என்ற கட்டங்கள் இருக்கும். காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கருப்பையில் வைக்கும் வரை ஒப்புதலைத் திரும்பப் பெற இருவருக்கும் உரிமை உண்டு. மணவாழ்க்கை உறுதியில்லாத நிலையில் இருக்கும் பெண்ணுக்குக் கருவுக்குப் பதில் முட்டையாகவே உறைய வைப்பது பொருந்தலாம். முட்டை அவருடையது மட்டும்.

15. ஓசூர் லேப்

முட்டையாகச் சேர்ப்பதற்கு இன்னொரு இடமும் உண்டு அக்கா. கணவருக்கு விந்தணு வெளியே வராமல் விரையிலிருந்து அறுவை செய்து எடுக்க வேண்டிய நிலை. மூன்று சுற்று முட்டையைச் சேர்த்து, அறுவை அன்று எல்லாவற்றையும் இளக்கி ஒரே நாளில் இக்ஸி செய்யலாம், அவருக்கு ஒரே அறுவை. ஆனால் முட்டை கருவைவிட மென்மையானது. பிழைப்பது 80 முதல் 90 சதவீதம், எனவே கணக்கில் ஒரு படி கூடுதல் கழிவு.

16. காவேரிப்பட்டணம் சிஸ்டர்

செலவைப் பற்றி ஒன்று. ‘மூன்று சுற்றுப் பேக்கேஜ்’ என்று ஒரே தொகை சொன்னால் பிரித்துக் கேளுங்கள். மருந்து சேர்ந்ததா? மயக்க மருந்து, இக்ஸி, உறைய வைப்பது ஒவ்வொரு சுற்றுக்குமா? சேமிப்பு ஆண்டுக் கட்டணம் எந்தத் தேதியிலிருந்து? கடைசியில் கருவை வைக்கும் கட்டணம் உள்ளே இருக்கிறதா? இரண்டாம் சுற்றிலேயே போதும் என்று நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும்? ஒரு சுற்றில் முட்டையே கிடைக்காவிட்டால் அந்தச் சுற்று எண்ணப்படுமா? இதை எழுத்தில் வாங்கிய பின் நகையை அடகு வையுங்கள், முன்பு வேண்டாம்.

வேறு ஊர் மையத்துக்கு மாற்ற வேண்டி வந்தால் கருவை ட்ரை ஷிப்பர் என்னும், திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும் கலத்தில் அனுப்புவார்கள். கலத்தில் வெப்பப் பதிவுக் கருவி இருக்க வேண்டும், சேர்ந்ததும் அந்தப் பதிவைக் கேளுங்கள். இரண்டு மையத்தின் ஒப்புதலும் உங்கள் இருவர் கையெழுத்தும் முன்கூட்டி வேண்டும்.

17. பென்னாகரம் செவிலி

கடைசியில் வைக்கும் சுற்று எப்படி நடக்கும்? மூன்றும் சேர்ந்துவிட்டதே, மூன்றையும் ஒன்றாக வைத்துவிடலாமே என்று கேட்பார்கள்.

18. தென்பெண்ணை

வேண்டாம் சிஸ்டர். சேர்த்தது ஒவ்வொன்றாக வைக்கத்தான். பிளாஸ்டோசிஸ்ட் இரண்டு வைத்தால் இரட்டைக்கு வாய்ப்பு அதிகம். இரட்டை என்றால் குறைமாதம், எடைக் குறைவு, ரத்த அழுத்தம், பச்சிளங்குழந்தை ஐசியூ. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த கருவை 28 வாரத்தில் இழப்பதற்காகவா?

மாதவிலக்கு ஒழுங்காக வருபவருக்கு இயற்கைச் சுற்றிலேயே, முட்டை வெடிக்கும் நாளைப் பார்த்து வைக்கலாம். ஒழுங்கில்லாதவருக்கு எஸ்ட்ராடையால் மாத்திரை தினம் 6 மி.கி., 10 முதல் 14 நாள். சவ்வு 7 மி.மீ.க்கு மேல், ஸ்கேனில் மூன்று கோடு தெரிய வேண்டும். பிறகு புரோஜெஸ்டரோன். பிளாஸ்டோசிஸ்ட் என்றால் ஐந்து முழு நாள் புரோஜெஸ்டரோன் முடிந்து ஆறாம் நாள், மூன்றாம் நாள் கரு என்றால் நான்காம் நாள். ஒரு நாள் மாறினாலும் கருவும் சவ்வும் பொருந்தாது. மருந்துச் சுற்றில் கருத்தரித்தவருக்குக் கர்ப்பத்தின் பின்மாதங்களில் ரத்த அழுத்தம் கூடும் வாய்ப்பு இயற்கைச் சுற்றைவிட அதிகம், எனவே பேறுகாலப் பரிசோதனையில் ‘உறைந்த கரு, மருந்துச் சுற்று’ என்று சொல்ல வேண்டும். மருந்துச் சுற்றில் புரோஜெஸ்டரோனை 10, 12 வாரம் வரை தானாக நிறுத்தக் கூடாது.

19. அரூர் ஆலோசகர்

மேடம், தொடங்கும்போது எங்கே நிறுத்துவது என்று ஒரு எண் சொல்லச் சொன்னால் என்ன சொல்வீர்கள்?

20. தென்பெண்ணை

சோதனை இல்லாத 37 வயதுக்காரருக்கு: சேர்க்கத்தான் காரணம் இருக்கிறது என்றால், 3 பிளாஸ்டோசிஸ்ட் அல்லது 3 சுற்று, எது முதலில் வருகிறதோ அது. இரண்டு குழந்தை வேண்டும் என்றால் 4, 5. தொடர்ந்து இரண்டு சுற்றில் பிளாஸ்டோசிஸ்ட் ஒன்றுமே வரவில்லை என்றால் மூன்றாவதைத் தானாகத் தொடங்காமல் உட்கார்ந்து பேச வேண்டும்: விந்துவை மறுபடி பார்ப்பதா, மூன்றாம் நாளில் வைப்பதா, தானமுட்டையா, தத்தெடுப்பா. 43க்கு மேல் சொந்த முட்டையில் சேர்ப்பது பெரும்பாலும் பணத்தையும் உடம்பையும் கரைக்கிறது, அதை மறைக்காமல் முதல் நாளே சொல்ல வேண்டும்.

இந்த எண்ணைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி, தம்பதியும் டாக்டரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

21. ஓசூர் லேப்

அதோடு ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் லேபிடம் ஒரு வரி வாங்குங்கள்: எடுத்தது எத்தனை, முதிர்ந்தது, கருவானது, உறைந்தது எந்த நாள் கரு, தரம், எந்தத் தொட்டி எந்தக் குப்பி. மூன்று சுற்றுக்கும் ஒரே தாளில் மூன்று வரி.